கலிங்கை அடைத்த தாண்டவராயர்

அந்தக் காலத்தில் செம்பாலை நாட்டை முத்துவீர பூபதி என்றொரு ராஜா ஆண்டு வந்தான். நல்லவன்தான், ஆனால் வாய் முந்திவிடும். சந்தோஷம் வந்தால் எதையாவது கொடுத்துவிட்டு, அப்புறம்தான் யோசிப்பான்.

அவன் சபையில் தாண்டவராயர் என்றொரு பிரபு. நிலம் உண்டு, மாடு உண்டு, மலையடியில் மண்கரை போட்ட சொந்த ஏரியும் உண்டு. இல்லாதது ஒன்றுதான்: ராஜாவுக்கு வலப்பக்கத்து ஆசனம். அதில் மந்திரி திருவேங்கடம் உட்கார்ந்திருந்தார். மந்திரி தும்மினால்கூட, 'இவன் தும்மலுக்கு மட்டும் ராஜா திரும்பிப் பார்க்கிறாரே' என்று தாண்டவராயருக்கு வயிறு எரியும். இப்படிப்பட்டவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. எங்கள் ஊரில் இருந்தவன் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னாலும் அவனுக்கு உறைக்காது.

ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழிந்து போகக் கரையோரத்தில் கல்லால் கட்டிய கலிங்கு இருந்தது. அதில் விழும் தண்ணீர் ஓடையில் இறங்கி, கீழே குடியிருந்த வாத்துக்காரி அங்கம்மாளின் குட்டையை நிறைத்துவிட்டுப் போகும். ஒருநாள் வேட்டைக்குப் போன ராஜா அந்தக் குட்டையில் ஒரு கை அள்ளிக் குடித்துவிட்டு, "இதற்கு இளநீர் தோற்றது" என்றான்.

அவ்வளவுதான். "தண்ணீர் என்னுடையது, பேர் அவளுக்கா?" என்று தாண்டவராயர் அன்று சாயங்காலமே கலிங்கைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டார்.

ஐப்பசி பிறந்தது. தண்ணீர் கரையின் விளிம்பைத் தொட்டது. அங்கம்மாள் கையில் ஒரு சொம்போடு சபைக்கு ஓடி வந்தாள்.

"மகாராசா, இது கரைக்கு அடியில கசியிற தண்ணி. தெளிஞ்ச தண்ணியா இருந்தா நான் வந்திருக்க மாட்டேன். இது கலங்கல். கரையோட மண்ணு உள்ளேயிருந்து வெளிய வருது. அதுக்குக் கீழதான் எங்க ஊரே இருக்கு."

தாண்டவராயர் சிரித்தார். "இவள் வாத்து மேய்ந்து கலங்கியிருக்கும், மகாராஜா. என் கரைமேல் யானை நடக்கலாம்."

"யானை எதுக்கு சாமி? நீங்க வந்து கரைக்குக் கீழ ஒரு வீடு கட்டுங்க, போதும்."

சபை சிரித்தது. தாண்டவராயர் தலைவலி என்று சொல்லி எழுந்து போய்விட்டார்.

"கலிங்கைத் திறக்க உத்தரவிடுங்கள்" என்றார் மந்திரி.

ராஜா தலையைச் சொறிந்தான். "என் பிறந்தநாளில் அவன் புகழ்ந்த புகழ்ச்சியில், 'உன் சொல் இல்லாமல் உன் ஏரியில் யாரும் மண்வெட்டி வைக்கக்கூடாது' என்று சத்தியம் செய்து தொலைத்தேனே. ஒன்று செய்யும். உத்தரவு போடாமல், கெஞ்சாமல், அவனே திறக்கும்படி செய்யும். ஜெயித்தால் கேட்டதைத் தருகிறேன். தோற்றால் உம் ஆசனம் அவனுக்கு."

"ஆசனம் யாருக்கோ போகட்டும் மகாராசா. இன்னொரு பெரிய மழைக்குக் கரை நிக்காது" என்றாள் அங்கம்மாள்.

"நீ போய் ஊர்ச்சனத்தை மேட்டில் ஏற்று, அம்மா. கலிங்கை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார் மந்திரி.

மறுநாள் காலையில் மந்திரி ஒரு கூடைக் கெண்டை மீனோடு சபைக்கு வந்தார்.

"என் ஏரிக் கலிங்கு வழிகிறது, மகாராஜா. மீன் எதிர்த்துத் துள்ளுகிறது; கூடையைக் காட்டினால் தானே விழுகிறது. தண்ணீர் விழும் சத்தமோ மத்தளம் போல."

ராஜாவுக்குப் புரிந்தது. "அப்படியா? நாளைக்கு எனக்கு அங்கேதான் விருந்து. கலிங்குக்குச் சொந்தக்காரர் என் வலப்பக்கம் உட்காரட்டும்."

தாண்டவராயருக்கு இருப்புக்கொள்ளவில்லை. "உம் கலிங்கு எத்தனை முழ அகலம்?" என்றார்.

"மூன்று முழம். உங்களுடையது ஆறாமே? நல்லவேளை, அடைத்து வைத்திருக்கிறீர்கள். அப்படியே இருக்கட்டும். எனக்கும் ஒரு நாள் பேர் கிடைக்கட்டுமே."

தாண்டவராயர் தலைப்பாகையைக்கூடக் கழற்றாமல் கடப்பாரை ஆட்களோடு ஏரிக்கு ஓடினார்.

"எவ்வளவு இடிக்கணும் சாமி?"

"மந்திரி காது செவிடாகும் மட்டும் இடி."

தண்ணீர் ஓடையில் இறங்கி ஓடியது. பொழுது சாய்வதற்குள் ஏரி ஓர் ஆள் மட்டம் இறங்கியது. கலங்கல் கசிவும் நின்றது. அப்புறம் பிடித்த மழை விடியும்வரை விடவில்லை. கரை நின்றது.

காலையில் தாண்டவராயர் அரண்மனை வாசலிலேயே ராஜாவை மடக்கித் தம் ஏரிக்கு அழைத்துப் போனார். "சத்தத்தைக் கேளுங்கள், மகாராஜா. மந்திரியுடையது இதற்குமுன் கொசு."

ராஜா அவரை வலப்பக்கம் உட்காரவைத்துச் சாப்பிட்டான். கை கழுவிய பிறகு, "நீரே திறந்துவிட்டீர். மந்திரி பந்தயத்தில் ஜெயித்தார், ஒரு ஊர் பிழைத்தது" என்றான். தண்ணீர் இறங்கிய கரைச் சரிவெல்லாம் நண்டு வளையாக இருந்தது. "யானை இருக்கட்டும். நீர் கொஞ்சம் நடந்து காட்டும்."

தாண்டவராயர் கால் வைத்தார். முழங்கால்வரை புதைந்தது.

"மந்திரியே, என்ன வேண்டும்?" என்றான் ராஜா.

"ஆண்டுதோறும் மழைக்கு முன்னால் இந்தக் கரைக்கு மண் போடவேண்டும். முதல் கூடை சுமக்கும் மரியாதை எனக்கு வேண்டும். தலையில் பட்டுப் பரிவட்டம், முன்னால் மேளம்."

தாண்டவராயர் சேற்றிலிருந்து காலை இழுத்துக்கொண்டே, "என் கரையில் இவருக்கென்ன மரியாதை? அது எனக்குத்தான் சேரும்" என்றார்.

"எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் முதல் கூடை சுமந்தவர் கடைசி வளை அடைபடும்வரை கரையை விட்டு இறங்கக்கூடாது. வழக்கம்."

"எந்த ஊர் வழக்கம்?"

"இந்த ஊர் வழக்கம்தான். இன்றைக்குத்தான் ஆரம்பம்."

"அப்படியே ஆகட்டும்" என்றான் ராஜா.

அதிலிருந்து வருஷா வருஷம் ஆவணியில் தாண்டவராயர் பரிவட்டம் கட்டி மண் சுமந்தார். இடுப்பு ஒடிந்து அவர் கூடையைக் கீழே வைக்கும்போதெல்லாம் அங்கம்மாள் கீழேயிருந்து குரல் கொடுப்பாள்:

"சாமி, மந்திரி ஏரிக் கரை இதைவிட ஒரு சாண் அகலமாம்."

கூடை மறுபடி தலைக்கு ஏறும்.

அங்கம்மாள் மந்திரியின் ஏரியைக் கண்ணால் பார்த்ததுகூட இல்லை.