மத்தியானப் பெஞ்சு

இந்தக் கதையிலே குருவுக்கு வயசு முப்பத்தி நாலு. சீடருக்கு அறுபத்தொண்ணு.

குரு பெயர் ஜுனைதா. தாமிரபரணிக் கரையோரம் ஒரு கல்லூரி, அங்கே பிள்ளைகளுக்கு மனநல ஆலோசனை சொல்கிறவள். சீடர் சிதம்பரநாதன். அதே கல்லூரியில் வேதியியல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் இருக்க முடியாமல் ஆலோசனைப் படிப்புப் படித்துவிட்டு, ஜுனைதாவிடம் வேலை பழக வந்திருந்தார். அவள் ஒரு காலத்தில் அவரிடம் படித்தவள்தான். அவர் அவளை அம்மா என்பார், அவள் அவரை சார் என்பாள்.

ஒரு நாள் சிதம்பரநாதன் முகம் வாடி வந்து நின்றார்.

“அம்மா, இசக்கியம்மாள் வரதில்ல.”

“தெரியும் சார்.”

“இந்த அறைக்கு வந்து எங்கிட்ட நல்லாத்தானே பேசிக்கிட்டிருந்தா? இப்போ படிப்பே வேண்டாம், டி.சி.யை வாங்கிட்டு ஊருக்குப் போறேங்காளாம். வெள்ளிக்கிழமை அவ அப்பா வாராராம்.”

“அதுவும் தெரியும். ஹாஸ்டலுக்குப் போய்ப் பார்த்துட்டுத்தான் வந்தேன். சோறு சாப்பிடுறா. பக்கத்துல பிள்ளைக இருக்கு. ஆனா இந்த அறைக்கு மட்டும் வரமாட்டாளாம்.”

“ஏன்?”

“நீங்க கேண்டீன்ல அவகிட்ட என்ன கேட்டீங்க?”

சிதம்பரநாதன் யோசித்தார். “ஒண்ணும் தப்பாக் கேக்கலியே. பஜ்ஜிக்கு வரிசையில நின்னா. ‘என்ன இசக்கி, இப்பல்லாம் அழுகை வரதில்லல்லா?’ன்னு கேட்டேன். பாசமாத்தான் கேட்டேன்.”

“வரிசையில எத்தனை பேரு சார்?”

அவர் விரல் விட்டு எண்ணத் தொடங்கிப் பாதியில் கையை மடக்கிக்கொண்டார். “எப்படிம்மா திரும்பக் கூட்டிட்டு வரது?” என்றார்.

“நாளைக்கு மத்தியானம் வாங்க. உள்ள வரவேண்டாம். வெளியே பெஞ்சுல உக்காருங்க. நான் கூப்பிடுதேன்.”

அந்தப் பெஞ்சு ஆபீசுக்குப் போகிற வழியில் கிடந்தது. தலைக்கு மேலே ‘மாணவர் மனநல ஆலோசனை’ என்று பலகை. சாப்பாட்டு நேரத்தில் கல்லூரி முழுக்க அந்த வழியாகத்தான் போகும்.

சிதம்பரநாதன் உட்கார்ந்தார்.

விளையாட்டு வாத்தியார் முதலில் வந்தார். “என்ன சார், பென்ஷன் வரலியா? இங்க வந்து உக்காந்துட்டிய?”

“சேச்சே. உள்ள ஃபேன் ஓடலேன்னாங்க. பாக்க வந்தேன்.”

“கெமிஸ்ட்ரிக்காரருக்கு ஃபேன்ல என்ன சோலி?” என்று சிரித்துக்கொண்டே போனார்.

தமிழ் வாத்தியார் குனிந்து, “வீட்டுல மருமககூட ஏதும் தகராறா?” என்று காதோடு கேட்டார்.

“ஃபேன் பாக்க வந்தேன்யா!”

மற்றவர்கள் ஒன்றும் கேட்காமல் பார்த்துவிட்டு மட்டும் போனார்களே, அதுதான் அவருக்கு அதிகமாய்ச் சுட்டது. கைக்குட்டையை எடுத்து முகத்தைத் திரும்பத் திரும்பத் துடைத்தார். கூப்பிட்டதும் பாய்ந்து உள்ளே போனார்.

“யாராவது கேட்டாங்களா சார்?”

“கேக்காம இருப்பானுகளா? ஃபேன் பாக்க வந்தேன்னு சொன்னேன்.”

ஜுனைதா தலைக்கு மேலே பார்த்தாள். ஃபேன் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

“நாளைக்கும் உக்காருங்க.”

“நாளைக்கு என்னத்தச் சொல்ல?”

“அது உங்க பாடு சார்.”

மறுநாளும் உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் மூன்று பெண்கள் வந்தார்கள். நடுவில் இசக்கியம்மாள், கையில் டி.சி.க்கு எழுதிய தாள். ஆபீசுக்குத்தான் போகிறார்கள்.

சிதம்பரநாதனுக்கு வாய் துறுதுறுத்தது. கூப்பிடவில்லை. கண்ணையும் அவள்மேல் வைக்கவில்லை.

கூட வந்தவர்களில் ஒருத்தி வாய்த் துடுக்குக்காரி. “சார், யாரைக் கூட்டிட்டு வந்திருக்கிய?” என்றாள்.

ஃபேன் தொண்டை வரைக்கும் வந்தது. அதை அப்படியே விழுங்கினார்.

“யாரையும் கூட்டிட்டு வரலம்மா. எனக்குத்தான். மனசு சரியில்ல, பேசணும்னு வந்தேன்.”

“சாருக்கேவா!”

“ஏன், சாருக்கு மனசு கிடையாதா?”

அவள் சிரித்தாள். இசக்கியம்மாள் சிரிக்கவில்லை. நின்றுவிட்டாள்.

“வாட்டீ, ஆபீசைப் பூட்டிருவாங்க.”

“நீங்க போங்கட்டீ. வாரேன்.”

அவர்கள் போனதும் பெஞ்சின் அந்தக் கடைசியில் உட்கார்ந்தாள். தாவணியை இழுத்து இழுத்து விட்டாள். “எல்லாரும் பாத்துக்கிட்டே போறாங்க சார்” என்றாள்.

“ஆமாம்மா. நேத்தும் பாத்தாங்க.”

“கஷ்டமா இல்லியா?”

“இருக்கு.” ஒரு மூச்சு விட்டார். “நீ உள்ள வச்சுச் சொன்னது உன் விஷயம். அதைத் தூக்கிட்டு நான் பஜ்ஜிக் கடைக்கு வந்திருக்கக் கூடாது. என் தப்பு.”

அவள் எழுந்து போகவில்லை.

கதவு திறந்தது. “அடுத்தது யாரு?” என்றாள் ஜுனைதா.

சிதம்பரநாதன் சட்டென்று இசக்கியம்மாள் பக்கம் கையைக் காட்டினார்.

“சார்தான் எனக்கு முந்தி வந்தாங்க” என்றாள் அவள். “அவங்க பேசிட்டு வரட்டும். நான் இருக்கேன்.”

உள்ளே போய்க் கதவைச் சாத்தியதும் அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. குரலை அடக்கிக்கொண்டு சொன்னார்: “அம்மா, வந்துட்டா! டி.சி. வாங்கப் போனவ பெஞ்சுல உக்காந்துட்டா! நான் இப்பவே வெளிய போறேன். அவளைக் கூப்பிடுங்க.”

ஜுனைதா எழவில்லை.

“மனசு சரியில்லன்னு அந்தப் பிள்ளைககிட்டச் சொன்னீங்களே சார். அது பொய்யா?”

தாழ்ப்பாளில் இருந்த அவர் கை அப்படியே நின்றது. கண் கலங்கியது.

ஜுனைதா எதிர் நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தினாள்.

“அவ இருக்கேன்னு சொல்லிட்டா. நீங்க உக்காருங்க.”