மெல்ல நடந்த பரோட்டா மாஸ்டர்

தென்காசிப் பக்கத்துப் பரோட்டா மாஸ்டர் பூவுலிங்கம் சொன்ன பேச்சைத் தட்டாதவர். அதனால்தான் இடுப்பு உடைந்தது. கடைக்குப் புது போர்டு மாட்ட ஏணியில் ஏறியிருந்தார். "கோணலாத் தெரியுது, கையை விடுங்க பாப்போம்" என்று கீழிருந்து யாரோ சொன்னார்கள். இரண்டு கையையும் விட்டார். போர்டு நேராக நின்றது. அவர்தான் நிற்கவில்லை.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மனைவி, மகளின் பிரசவத்துக்குப் போயிருந்ததால், கவனித்துக்கொள்ள மச்சினன்கள் மூன்று பேர் வந்தார்கள்: தளவாய், கொம்பையா, ஈனமுத்து. மறுபடி கல்லுக்கு முன்னால் நின்று பரோட்டா போட முடியுமா என்ற கவலையில் பூவுலிங்கத்துக்குத் தூக்கமே பிடிக்கவில்லை.

உடற்பயிற்சி சொல்லித்தர மெர்லின் என்ற பிசியோதெரபி அம்மா வீட்டுக்கே வந்தார். மெல்ல மெல்ல நடக்க வேண்டும், அடிபட்ட கால் தரையில் பட்டும் படாமலும் இருக்க வேண்டும், தினமும் காலை நன்றாக நீட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மச்சினன்கள் கூடி யோசித்தார்கள். மெல்ல வேண்டும் சரி, எதை மெல்ல? முறுக்கு என்று முடிவாயிற்று. வாக்கரைப் பிடித்து நின்றவரின் வாயில் ஈனமுத்து முறுக்கை வைத்தான். பூவுலிங்கம் மென்றபடி நடந்தார். பாதிக் கூடத்தில் முறுக்கு தீர்ந்துவிட்டது. அடுத்த பொட்டலம் வாங்கி வரும்வரை அங்கேயே நின்றார்.

அடுத்த சிக்கல் கால்.

"பட்டா பட்டதுதான். படலைன்னா படலைதான். ரெண்டும் எப்படி?" என்றான் தளவாய்.

கொம்பையா தாடையைத் தடவினான். "சாக்கை விரிப்போம். கால் சாக்குல படும், தரையில படாது."

இப்படி ஒரு குடும்பத்தில் பெண் எடுத்தோமே என்று பூவுலிங்கத்துக்குப் பெருமையில் கண் கலங்கியது.

காலையை நீட்டுவதுதான் பெரும்பாடாக இருந்தது. மத்தியானம் வந்தால் காலை முடிந்துபோகும். ஆகவே அதை வரவிடக் கூடாது என்றான் தளவாய். ஜன்னல்களைச் சாத்தினார்கள். சோறு கேட்டவரிடம், "அதுக்குள்ளயா அத்தான்? இன்னும் காலைதானே" என்று இட்லியையே நீட்டினார்கள். பொழுது சாய்ந்தும் இட்லிதான்.

தினமும் இதே கூத்து. சோற்றுப் பசி தாங்காமல் பூவுலிங்கம் தானே படுக்கையில் காலை மடக்கி, நீட்டி, எழுந்து, வாக்கரோடு அடுக்களைக்குப் போக ஆரம்பித்தார். வாயில் எதுவும் இல்லையே என்று வெறும் வாயையே மென்றுகொண்டு போனார்.

சில வாரம் கழித்து வந்த மெர்லின் அசந்துபோனார். "ரொம்ப நல்லா நடக்கிறீங்க. இனிமே உங்க வேலையை நீங்களே பாக்கலாம்."

மறுநாள் சாயங்காலம் பூவுலிங்கம் கடைக்குப் போனார். கல்லுக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். பிசைந்த மாவு ஊறிக் கிடந்தது, கல் காய்ந்துகொண்டிருந்தது, பரோட்டாவுக்குக் கூட்டம் காத்து நின்றது. அவர் கண்கொட்டாமல் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

மனசு கேட்காமல் கொம்பையா கரண்டியோடு முன்னால் வந்தான்.

"கொஞ்சம் தள்ளி நில்லு மாப்பிள," என்றார் பூவுலிங்கம். "வேலையை மறைக்கிற."