தோப்பும் துண்டும்

மடத்தில் இருக்கிற பெண்ணுக்குத் தென்னந்தோப்பு என்னத்துக்கு என்று யாராவது கேட்டால், நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள்?

பேச்சித்தாயிடம் அப்படித்தான் கேட்டார்கள். அவளுக்கு வயது அறுபது. அவள் குரு பூரணியம்மாளுக்கு நாற்பதுகூட ஆகவில்லை. குரு சிஷ்யையை 'அக்கா' என்பார். சிஷ்யை குருவை 'அம்மா' என்பாள். பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். அவர்களுக்கு வராது.

பேச்சித்தாயின் அப்பா தோப்புக்கு உயில் எழுதாமலே கண்ணை மூடிவிட்டார். பதினாறாம் நாள் விசேஷத்தில் தம்பி முத்துக்கருப்பன் தட்டில் சேலை வைத்து நீட்டினான். சேலைக்கு அடியில் விடுதலைப் பத்திரம். அந்தப் பக்கத்து வழக்கம் அது. பிறந்த வீட்டுச் சேலையை வாங்கிக்கொண்டு, பங்கு வேண்டாமென்று பெண் கையெழுத்துப் போட்டுவிட வேண்டும்.

"குருவைக் கேட்டுட்டு வாரேன்" என்று பேச்சித்தாய் எழுந்துவிட்டாள்.

தம்பிக்கு அதில் சந்தோஷம்தான். தட்டோடு பின்னாலேயே மடத்துக்கு வந்து சேர்ந்தான்.

"தாயி, நீங்களே சொல்லுங்க. பற்றை விட்டவங்களுக்குத் தோப்பு எதுக்கு?"

பூரணியம்மாள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நிமிரவில்லை.

"அக்கா, உங்க தம்பி தோள்ல கிடக்கிற துண்டை எனக்குத் தானம் பண்ணுங்க. கை துடைக்கணும்."

முத்துக்கருப்பன் துண்டை இறுக்கிப் பிடித்தான். "இது என் துண்டு. இதை அவ எப்படித் தருவா?"

"அதானே! கைக்கே வராத தோப்பை மட்டும் அவங்க எப்படி விடுவாங்க?"

அவன் அக்கா பக்கம் திரும்பினான். "அப்ப கோர்ட்டு, கேசுன்னு அலையப் போறியாக்கா? சரி, எங்க வக்கீலே உனக்கும் பாத்துக்கிடுவாரு."

"அவரு உனக்குத்தான் பாப்பாரு" என்றாள் பேச்சித்தாய். தன் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. "அம்மா, நான் யாருகிட்டப் போறது?"

"நம்ம தாலுகா கோர்ட்டுக்கே போங்க. தோப்பை நேர்ல நடந்து பாக்கிற வக்கீலா இருக்கட்டும். உங்களுக்கு என்ன வேணும்னு உங்ககிட்டயே கேக்கிறவங்ககிட்ட வேலையைக் குடுங்க."

மறுநாளே போனாள். கோர்ட்டு வாசலில் பெரிய வக்கீல் ஒருவர் காவிச்சேலையைப் பார்த்ததும் கும்பிட்டார். விஷயத்தைக் கேட்டுக்கொண்டார்.

"உங்களை மாதிரி ஆளுங்களுக்கு இதெல்லாம் தேவையா? ஒரு கையெழுத்து. அப்புறம் நிம்மதியா சாமி கும்பிடலாம்."

"நிம்மதி மடத்திலயே கிடைக்கு. தோப்புதான் கிடைக்கல" என்று சொல்லிவிட்டு நகர்ந்தாள்.

எதிரே ஜெராக்ஸ் கடை மாடியில் வக்கீல் ஸ்டெல்லா. சாப்பிட்டுக்கொண்டிருந்த இட்லிப் பொட்டலத்தை மூடி வைத்துவிட்டு முழுக்கக் கேட்டாள். தோப்பு எந்த வாய்க்கால் பக்கம், நாளைக்குக் காலையில் போய்ப் பார்க்கலாமா என்று விசாரித்தாள். பிறகுதான் அந்தக் கேள்வி வந்தது.

"உங்களுக்கு என்னம்மா வேணும்?"

பேச்சித்தாய் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"என் பங்கை அளந்து என் கையில குடு தாயி. விடுறதா வச்சுக்கிடுறதான்னு பொறவு நான் பாத்துக்கிடுதேன்."