மூணாவது ஆளோட விரதம்

மாங்கரை மாங்கரைன்னு ஒரு ஊரு, அதுக்கு ஒரு ராஜா. எதைத் தாங்கினாலும் பசி தாங்க மாட்டாரு. ஆனா பசிச்சதும் வாயில போட்டுக்க முடியுமா? எவனாவது விஷம் வச்சிட்டா? அதனால முதல்ல ருசி பார்க்கறதுக்குன்னே ரெண்டு பேரு இருந்தாங்க. ஒருத்தர் உதுமான் ராவுத்தர், இன்னொருத்தன் நாமம் போட்ட வடமலை. மாமா, மாப்ளேன்னுதான் பேசிக்குவாங்க. ராவுத்தருக்கு நோன்பு மாசம் வந்தா பகல்ல வடமலை ருசி பார்ப்பான், வடமலைக்கு வைகுண்ட ஏகாதசி வந்தா ராவுத்தர் பார்ப்பாரு, ராஜா பாட்டுக்கு வளைச்சுக் கட்டுவாரு.

ஒரு வருஷம் பாருங்க, நோன்பு மாசத்துக்குள்ளேயே வைகுண்ட ஏகாதசி வந்து உக்காந்துக்கிச்சு. ரெண்டு வாயும் பூட்டு!

இதுக்குத்தான் காத்துக்கிட்டிருந்தான் மடப்பள்ளி மணியக்காரன் பொன்னம்பலம். அவனுக்கு ஒரு மச்சினன், தண்டச்சோறு. அவனை இந்த வேலையில சொருகணும். உடனே ராஜா காதைக் கடிச்சான். சாமி கும்பிடறதை வீட்டோட வச்சுக்க வேண்டாமா, இவங்க சாமிக்காக நீங்க ஏன் பட்டினி கிடக்கணும்னான்.

ராஜாவுக்கு ஏற்கெனவே வயிறு காந்துது. ரெண்டு பேரையும் கூப்பிட்டு, "ஒரு வாய் சாப்பிடறீங்களா, வேலையை விடறீங்களா?"ன்னாரு.

ராவுத்தருக்கு வீட்டுல ஆறு வாய் நினைப்புக்கு வந்துது. இருந்தாலும் சொன்னாரு, "நோன்பையும் விட முடியாது, உங்களையும் விட முடியாது மகாராஜா. பொழுது சாயட்டும், நானே ருசி பார்க்கறேன்." வடமலையும் விரதத்தை விட மாட்டேன்னுட்டான்.

பொழுது சாயற வரைக்கும் அந்த வயிறு பொறுக்குமா? பொன்னம்பலம் குறுக்கே பாஞ்சான், இன்னிக்கு நான் பார்க்கறேன்னு. சரி, இன்னிக்கு நீ பாரு, இவங்களை என்ன பண்றதுன்னு நாளைக்குப் பார்க்கலாம்னுட்டாரு ராஜா.

வந்துது ஒரு உருளி சர்க்கரைப் பொங்கல். நடுவுல நெய், நெய்யில மிதக்குது முந்திரி. பொன்னம்பலம் ஓரத்துல ஒரு வாய் எடுத்தான், அப்புறம் இந்த ஓரத்துல ஒரு வாய், அப்புறம் அந்த ஓரத்துல ஒரு வாய். பார்த்துக்கிட்டிருந்த ராவுத்தருக்குச் சுருக்குன்னுது. என்னடா இது, மடப்பள்ளியில முந்திரிய வறுக்கறதுக்குள்ள பாதியை முழுங்கற ஆளு, இன்னிக்கு ஒரு முந்திரியைத் தொடலையே?

ராஜா கையை வைக்கப் போனாரு. ராவுத்தர் உருளியைத் தன் பக்கம் இழுத்துக்கிட்டாரு.

"நோன்பு வாய்க்குத்தான் மகாராஜா, கைக்கு இல்லை"ன்னு சொல்லி, கரண்டியைப் போட்டு அடி மேலா, மேல் அடியா, நல்லாக் கலக்கினாரு. கலக்கி, ஒரு கரண்டி அள்ளி நீட்டி, "மணியக்காரரே, இப்ப ஒரு வாய்"ன்னாரு.

பொன்னம்பலம் மூஞ்சி சுண்டிப் போச்சு. சொன்னான் பாருங்க ஒரு வார்த்தை: "எனக்கும் இன்னிக்கு விரதம்."

"எந்தச் சாமிக்கு?"ன்னாரு ராஜா.

"பிள்ளையாருக்கு."

"இப்பத்தானே மூணு வாய் தின்னே?"

"மறந்துட்டேன் மகாராஜா."

"எது வரைக்கும் விரதம்?"

"பொ... பொழுது சாயற வரைக்கும்."

வடமலை தலையைக் குனிஞ்சு சிரிப்பை அடக்கினான். ராஜா அடக்கலை. "யார் விரதத்தையும் நான் கெடுக்க மாட்டேன். பொழுது சாயட்டும்"னு, எதிர்லயே இளநி வெட்டச் சொல்லி அதைக் குடிச்சிட்டு உக்காந்துட்டாரு. ஆமா, அதே பசி பொறுக்காத ராஜாதான்!

பொழுதும் சாஞ்சுது. பாங்கு கேட்டதும் ராவுத்தர் பேரீச்சம்பழத்தை வாயில போட்டாரு. ராஜா உருளியைப் பொன்னம்பலம் பக்கம் தள்ளினாரு. "விரதம் முடிஞ்சுதே, சாப்பிடு."

சேவகங்க ரெண்டு பேரு ரெண்டு பக்கம் நிக்கறாங்க, என்ன பண்ணுவான்? சாப்பிட்டான். ஒரு நாழிகை ஆகலை, கொல்லைப் பக்கம் ஓடினான், வந்தான், திரும்ப ஓடினான், வந்தான், திரும்பவும் ஓடினான். நெய்க்கு அடியில பேதிக்குக் குடுக்கற நேர்வாளக் கொட்டையை அரைச்சு வச்சிருக்கான் படுபாவி. ராஜாவுக்கு வயித்தால போனா, நான் தின்னேனே, எனக்கு ஒண்ணும் ஆகலையே, இது ரெண்டு விரதக்காரனை வச்சிருந்த சாமி குத்தம்னு சொல்லி, அவங்களைக் கிளப்பிட்டு மச்சினனை உள்ளே சொருகிடலாம்னு கணக்கு.

மடப்பள்ளிச் சாவி அன்னிக்கே ராவுத்தர் கைக்குப் போச்சு. ரெண்டு விரதமும் சேர்ந்து வந்தா ராஜாவுக்கு இளநியும் உரிக்காத வாழைப்பழமும்னு சட்டமும் ஆச்சு. விரதம் இருக்கறவன் வேலையைக் கெடுக்கலை, விரதத்தைச் சாக்கு சொன்னவன்தான் கெடுத்தான், தெரிஞ்சுக்கங்க.

ராவுத்தர் கஞ்சி குடிச்சாச்சு, விடிஞ்சதும் வடமலை துளசித் தண்ணி குடிச்சாச்சு, பொன்னம்பலம் இன்னும் கொல்லையிலேர்ந்து வரலை, நம்ம கதையும் இலையை மடிச்சாச்சு.