பூதிமலை ஜீப்புக்கு எதைப் போடுவது?

குழந்தைவேலுக்கு வயது நாற்பத்தொன்பது. அவருக்கு வேலை கற்றுக்கொடுக்கும் ஸ்டெல்லாவுக்கு முப்பத்துநாலு. காரமடையில் இதைச் சொல்லிச் சிரிக்காத ஆள் கிடையாது. "நரைச்ச மீசையோட பொம்பளப் புள்ளைகிட்டப் போயி ஸ்பானர் புடிக்கறாரப்பா" என்பார்கள். அவர் காதிலேயே போட்டுக்கொள்ள மாட்டார். எஞ்சின் விஷயத்தில் அவளை மிஞ்ச அந்தச் சுற்றுவட்டாரத்தில் ஆளில்லை. அது போதும் அவருக்கு.

அடிவாரத்திலிருந்து பூதிமலைக்கு ஜீப் ஓட்டுவது அவர் பிழைப்பு. பதினேழு கொண்டை ஊசி வளைவு. போன வருஷம் எஞ்சின் போயிற்று. இனி அடுத்தவனை நம்பக் கூடாது என்று ஸ்டெல்லாவின் பட்டறையில் சேர்ந்து, தன் கையாலேயே ஒரு எஞ்சின் கட்டி ஏற்றினார். போன மாதம் அதுவும் போயிற்று. போனதுதான் போனது, நேரம் பார்த்தா போக வேண்டும்? பிரசவ வலியோடு ஒரு பெண் உள்ளே இருக்கும்போது ஒன்பதாவது வளைவில் நின்றுவிட்டது. நாலு பேர் தூளி கட்டி அவளைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். தாயும் பிள்ளையும் பிழைத்தது யார் செய்த புண்ணியமோ.

அந்தப் பெண்ணின் மாமனார் மட்டும் மறுநாள் வந்து சொன்னார். "இன்னொருக்கா நின்னுச்சுன்னா மலைப் பக்கமே வந்துராதீங்க."

மூன்றாவது எஞ்சின் பாதி கட்டிய நிலையில் மேசைமேல் இருந்தது. டீ குடிக்கும்போது குழந்தைவேலு கேட்டார்.

"அம்மிணி, ஏத்தத்துல திணறித் திணறித்தான் ரெண்டு எஞ்சினும் செத்துப்போச்சு. இதுக்குக் காத்தை அழுத்திக் குடுக்கற சாமான் ஒண்ணு போட்டே ஆகோணும். சூப்பர்சார்ஜரா, டர்போவா?"

"நீங்களே சொல்லுங்கண்ணா."

குழந்தைவேலு வாய்ப்பாடு ஒப்பிப்பவர் போல் ஒப்பித்தார். "சூப்பர்சார்ஜர் எஞ்சினோட பெல்ட்டுல சுத்தும். மிதிச்ச ஒடனே இழுக்கும். ஆனா எஞ்சின் பலத்துலயே ஒரு பங்கைத் தின்னுபோட்டுத்தான் வேலை செய்யும். டர்போ வெளிய போற பொகையில சுத்தும். ஓசிப் பலம். பொகை சேர்ற வரைக்கும் கொஞ்சம் மந்தம். சேர்ந்துட்டாப் பிச்சுக்கும். சூடுதான் சாஸ்தி."

"சரிதான்."

"இழுவை எனக்கே தெரியுதுங். தேய்மானத்தைச் சொல்லுங்க. எது எஞ்சினைத் தின்னாது?"

ஸ்டெல்லா டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள். "நாளைக்குக் காலைல நம்ம பட்டறை ஜீப்பை எடுத்துக்கோங்க. அதுல டர்போ இருக்குது. எப்பவும் போல ஆள் ஏத்திட்டு மலைக்குப் போங்க. நானும் பின்னாடி உக்காந்துக்கறேன்."

இது என்ன பதில் என்று அவருக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனாலும் காலை ஆறு மணிக்கு அடிவாரத்தில் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார். ஒரு மணி நேரம் பனியில் கிடந்து எஞ்சின் சில்லிட்டுப்போன பிறகுதான் முதல் நடை ஆரம்பம்.

மலை ஜீப்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. சாவியைத் திருகியதும் ஆக்சிலேட்டரை அழுத்தி உறும விடுவார்கள். உர்ர், உர்ர் என்று நாலு தெருவுக்குக் கேட்கும். வண்டி கிளம்பப் போகிறது, ஓடி வா என்று அர்த்தம். குழந்தைவேலு உறும விட்டால் ஊரே எழுந்துகொள்ளும் என்று அவருக்கு ஒரு பெயர். அன்றைக்கு ஆசிரியை வேறு பின்னால் இருக்கிறாள். கேட்க வேண்டுமா? வெங்காய மூட்டைக்காரர், சுள்ளி வெட்டப் போகும் பெண்கள், தபால்காரர் என்று பத்து நிமிஷத்தில் வண்டி நிறைந்தது.

ஏற்றத்தில் டர்போ விசில் அடித்துக்கொண்டு இழுத்தது. "அடேயப்பா, என்னமா ஏறுது!" என்று வழி நெடுகச் சொல்லிக்கொண்டே வந்தார். உச்சியில் நிறுத்திய கையோடு சாவியைத் திருகி அணைத்தார். டீசல் என்ன சும்மாவா வருகிறது?

எல்லோரும் இறங்கினார்கள். ஸ்டெல்லா மட்டும் இறங்கவில்லை.

"எறங்கலைங்களா அம்மிணி?"

"உஷ். கேளுங்க."

பானெட்டுக்குள்ளிருந்து கொசு பறப்பது போல் ஒரு மெல்லிய சத்தம். அது குறைந்து, குறைந்து நின்றது.

"என்னங் அது?"

"டர்போ. இத்தனை நேரம் சுத்திட்டிருந்துச்சு."

"எஞ்சினைத்தான் அணைச்சுட்டனே?"

"எஞ்சினோட ஆயில் பம்ப்பும் நின்னுபோச்சு. அது மட்டும் சூட்டோட, ஆயிலில்லாம சுத்துச்சு."

"ஐயய்யோ!" என்றார் குழந்தைவேலு.

இறங்கி வரும் வழியெல்லாம் யோசித்தார். பட்டறை வாசலில் வண்டியை நிறுத்தியதும் கேட்டார். "அப்ப சூப்பர்சார்ஜரே போட்டுரலாமுங்களா? எஞ்சின் நின்னா அதுவும் கூடவே நின்னுரும்."

"நிக்கும். ஆனா காலைல சில்லுன்னு இருக்கற எஞ்சினை மிதிச்சீங்கன்னா டர்போ கொஞ்சமாவது சோம்பும். இது சோம்பாது. அடியில எறங்கிக் கெடக்கற ஆயில் மேல வர்றதுக்குள்ள காத்தைத் திணிச்சிரும். ஆயிலில்லாம உள்ள தேயும்."

"அப்ப ரெண்டும் ஆகாதுங்களா? எனக்கு ஒண்ணைச் சொல்லுங்க அம்மிணி. இன்னொருக்கா நடு வழில நின்னா என்னால தாங்க முடியாது."

ஸ்டெல்லா உள்ளே போய், எஞ்சின் தண்டைத் தாங்கும் பழைய பேரிங் ஒன்றை எடுத்து வந்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். மேல்பூச்சு முழுக்கத் தேய்ந்து செம்பு தெரிந்தது.

"இது எந்த வண்டியோடதுண்ணா?"

"என்றதுதானுங். போன மாசம் செத்ததுல இருந்து கழட்டினது."

"அதுல இருந்தது டர்போவா, சூப்பர்சார்ஜரா?"

"ரெண்டும் இல்லீங்களே. வெறும் எஞ்சின்தானே."

"அப்பறம் இதை எது தின்னுச்சு?"

குழந்தைவேலு பேரிங்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, ஆக்சிலேட்டரை மிதிக்கும் தன் வலது காலைப் பார்த்தார். இத்தனை நாளும் ஏற்றத்தைத் திட்டினோம், எஞ்சினைத் திட்டினோம், சாமான் விற்ற கடைக்காரனைக்கூடத் திட்டினோமே என்று நினைக்க நினைக்க அவருக்கு முகம் கொடுக்க முடியாத வெட்கமாக இருந்தது. கண்ணிலும் லேசாகத் தண்ணீர் வந்துவிட்டது.

தலையை நிமிர்த்தாமலே கேட்டார்.

"இப்ப நான் எதைப் போடட்டுமுங்?"

"எதை வேணும்னாலும் போடலாம்ணா. மொதல்ல கடைவீதிக்குப் போயி, கணீர்னு கேக்கற மாதிரி ஒரு வெங்கல மணி வாங்கியாந்து வண்டியில கட்டுங்க. ஆளைக் கூப்பிட அது போதும்."