அளந்து போட்ட கம்பு

செங்கோடனுக்கு ஒரு வாரமாக இருப்புக் கொள்ளவில்லை. இருக்குமா பின்னே? ஒரே மகள் ஐந்து மாதக் கர்ப்பிணி. பெற்றவளோ இவளைப் பெற்றுப் போட்டுவிட்டுப் பிரசவத்திலேயே போய்ச் சேர்ந்தவள். மகளாவது பிழைத்து வரவேண்டுமே என்று கருப்பணாருக்குக் கிடா நேர்ந்திருந்தார். அந்தக் கிடாக்குட்டி சதை பிடிக்கவே மாட்டேன் என்றது.

அன்று காலையிலேயே மூன்று தடவை அதன் தொடையை அமுக்கிப் பார்த்துவிட்டார். அப்புறம் மகளுக்கு ஒரே ஒரு கரண்டிக் கம்பங்களியைத் தன் கையாலேயே அளந்து வைத்துவிட்டு, குட்டியையும் அதன் தீனிக் கம்பு மூட்டையையும் மொபெட்டில் ஏற்றிக்கொண்டு பழனாத்தாளின் ஆட்டுப் பட்டிக்குக் கிளம்பினார்.

பழனாத்தாள் அவரைவிடப் பத்து வயது இளையவள். ஆனால் ஆட்டு விஷயத்தில் அவள்தான் அவருக்குக் குரு. அதைச் சொல்லிக்கொள்ள அவர் வெட்கப்பட்டதில்லை.

வந்ததும் வராததுமாகப் படபடவென்று கொட்டினார். குட்டிக்குத் தகப்பன் அவளுடைய மேச்சேரி இனக் கிடாதான். கம்பும் கடலைப் புண்ணாக்கும் வேளை தவறாமல் போடுகிறார். வயிறுதான் தொங்குகிறது.

"ரத்தம் சரியில்லையா அம்மிணி? இல்ல, தீனி பத்தலையா? இன்னும் எவ்வளவு போடட்டும்?"

பழனாத்தாள் பட்டிக்குள் போய் ஒரு குட்டியைப் பிடித்துவந்து, அதன் தொடையைத் தொட்டுப் பார்க்கச் சொன்னாள். தொட்டார். கெட்டியாக இருந்தது. அவருக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது.

அதற்கும் அதே கிடாதான் தகப்பன், அதே வாரத்தில் பிறந்தது, அவர் போடுவதில் பாதித் தீனிதான் தின்கிறது என்றாள்.

செங்கோடன் இரண்டு குட்டிகளையும் மாறி மாறித் தடவினார்.

"உங்க தாயாடு சினையா இருந்தப்ப என்னங்ணா போட்டீங்க?"

அவர் தலையைச் சொறிந்தார். அதற்கு முந்தின ஈற்றில் வேறொரு ஆடு, குட்டி பெருத்துப்போய் ஈன முடியாமல் செத்திருந்தது. அந்தப் பயத்தில் இந்த ஆட்டுக்குத் தீனியைப் பாதியாகக் குறைத்திருந்தார். நல்லதுக்குத்தானே செய்தேன் என்றார்.

"சதைங்கறது நூலு நூலா இருக்குமுங்ணா. எத்தனை நூலுன்னு வயித்துக்குள்ளயே முடிவாயிருது. பொறந்தப்பறம் போடற தீனி அந்த நூலைத் தடிக்க வைக்கும். புது நூலு சேக்காது."

"அப்ப ரத்தம்?"

"எங்க கிடா நல்ல ரத்தத்தைக் குடுத்துச்சு. அதை நூலாக்கத் தாய்க்குச் சோறு வேணுமில்லீங்களா?"

செங்கோடன் விடவில்லை. கடவுளுக்குச் சொன்ன வாக்கு என்றார், இப்போது என்னதான் செய்வது என்றார். "பயத்துலதான அம்மிணி குறைச்சேன். பெருசா இருந்தா தாயி தாங்காதேன்னுதான். வீட்லயும் புள்ளைக்கு நானே அளந்து அளந்துதான்..."

 அவர் கை குட்டியின் மெத்தென்ற தொடைமேலேயே இருந்தது.

பழனாத்தாள் மொபெட்டிலிருந்து அவிழ்ந்து சரிந்திருந்த கம்பு மூட்டையைத் தூக்கி நிறுத்தி, கயிற்றை இறுக்கிக் கட்டினாள்.

"குட்டி இங்கயே இருக்கட்டுங்ணா. இந்தக் கம்பை வீட்டுக்குக் கொண்டு போங்க."