வரலைன்னா சரி

மேலநொச்சி மைக் செட் கடை இருளப்பருடையது. அதைப் பார்த்துக்கொள்வது அவருடைய மூத்த மருமகன் அழகுமலை. கூட்டாளிகள் சங்கையாவும் ஒண்டிமுத்துவும். மூணு பேருக்கும் சேர்த்து ஒரு மூளை என்று ஊரில் சொல்வார்கள். அது கொஞ்சம் தாராளமான கணக்குதான். இத்தனை நாளும் வயர் தோலைச் சங்கையா பல்லால் கடித்தே உரித்துவந்தான். போன திருவிழாவோடு முன்பல் ரெண்டும் போய்ச் சேர்ந்தன.

இந்த நேரம் பார்த்துக் கொழுந்தியாளுக்குக் கல்யாணம். "மாப்பிள்ளை கார் வரும்போது பந்தல்ல லைட் எரியணும். இல்லேன்னா கடைச் சாவி சின்ன மாப்பிள்ளைக்குத்தான்" என்று இருளப்பர் இடுப்பில் செருகியிருந்த சாவியைத் தட்டிக் காட்டினார். அந்தக் கடையை விட்டால் அழகுமலைக்கு வேறு என்ன தெரியும்? அந்தக் கடையைப் பற்றித்தான் என்ன தெரியும்?

வயர் தோலை உரிக்கக் கட்டர் வாங்க மூவரும் தெருமுனை எலெக்ட்ரிக் கடைக்கு ஓடினார்கள். கடைக்கார பாக்கியத்தாய், "வயரைப் பாக்காம எந்தக் கட்டரைக் குடுக்குறது? வயரைக் கொண்டாங்க தம்பி" என்றாள்.

கொண்டுவந்தார்கள். ஒரு முனை பந்தல் மூங்கில்களில் சுற்றிக் கட்டியபடி இருக்க, மறு முனையைத் தெரு நெடுக இழுத்து வந்தார்கள். கடைக்குப் பத்தடி முன்னால் வயர் தீர்ந்துபோனது.

"ஒரு துண்டு வெட்டிக்கலாமாண்ணே?" என்றான் ஒண்டிமுத்து.

"வயரைக் கொண்டாங்கன்னுதான் சொன்னாங்க. துண்டைக் கேக்கலை" என்றான் அழகுமலை.

"அப்ப கடையைப் பத்தடி தள்ளிப் போடச் சொல்வோமா?" என்றான் சங்கையா. இதை வெகுநேரம் யோசித்தார்கள்.

பாக்கியத்தாய் தலையில் அடித்துக்கொண்டு அவளே கருவிகளோடு இறங்கி வந்தாள். "இந்தக் கட்டர்ல வயர் எந்த ஓட்டையில சரியா உக்காருதோ, அதுல வச்சு உரிங்க. கம்பி வெட்டுப்படக் கூடாது. முனையில இந்த வளையத்தை மாட்டி, இந்தக் கிரிம்பிங் பிளையரால வளையம் கம்பியை நசுக்கிப் பிடிக்கிற மாதிரி ஒரே அமுக்கு. அப்புறம் இழுத்துப் பாருங்க. வளையம் கழண்டு வரலைன்னா சரி."

என்ன ஆச்சரியம், எல்லாம் ஒழுங்காக நடந்தது. அழகுமலை உரித்தான், மாட்டினான், அமுக்கினான், இழுத்தான். வளையம் வரவில்லை.

"சரியாப் போச்சுண்ணே" என்றான் ஒண்டிமுத்து.

"இதுவரைக்கும் வரலை. இனிமேலும் வராதுன்னு எப்படிடா நம்புறது? என் பொழப்பே இதுலதான் இருக்கு."

ரெண்டு பேர் இழுத்தார்கள். மூணு பேரும் இழுத்தார்கள். வரவில்லை. அழகுமலைக்குச் சந்தேகம் இன்னும் கூடியது. அப்போதுதான் கொட்டும் வேட்டுமாக மாப்பிள்ளை கார் பந்தலைத் தாண்டி இவர்கள் பக்கத்தில் வந்து நின்றது. அவன் நைசாகப் பின்னால் போய், கார் கொக்கியில் வளையத்தை மாட்டினான். டிரைவரிடம், "தெருமுனை வரைக்கும் ஒரு நடை போய்ட்டு வாங்கண்ணே" என்றான்.

வேட்டுச் சத்தத்தில் டிரைவருக்கு வேறெதுவும் கேட்கவில்லை. கார் போனது. பின்னாலேயே மூங்கில், தென்னங்கீற்று, வாழைமரம், சீரியல் லைட், மணவறை நாற்காலி எல்லாம் போயின. பாக்கியத்தாயின் கடை வாசலில்தான் கார் நின்றது.

இருளப்பர் மூச்சு வாங்க ஓடி வந்தார். சாவியை உருவி, காருக்குள் வாயைப் பிளந்து உட்கார்ந்திருந்த சின்ன மாப்பிள்ளை மடியில் போட்டார்.

"அண்ணே, இப்ப வயர் கடை வரைக்கும் எட்டுது" என்றான் சங்கையா சந்தோஷமாக.

அழகுமலைக்கு அழுகையே வந்துவிட்டது. "அவசரப்படாதீங்க மாமா. சோதனையைப் பாக்காமலே சாவியைக் குடுத்துட்டீங்களே" என்று மாமனார் கையைப் பிடித்துக் காருக்குப் பின்னால் கூட்டிப்போய்க் கொக்கியைக் காட்டினான்.

"நல்லாப் பாருங்க. வளையம் வரவே இல்லை. மத்ததெல்லாம்தான் வந்திருக்கு."